குளிரில் நிற்கும் லோரி: பழுது தொடங்குவது கிள்ளான் வெயிலில்

கேமரன் மலையில் அதிகாலை ஐந்து மணிக்கு அடிக்கடி கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. முந்தைய நாள் கிள்ளானிலிருந்து உரமோ மளிகையோ ஏற்றி வந்து, இரவு பிரிஞ்சாங்கிலோ கம்போங் ராஜாவிலோ தங்கிய லோரி அது. ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகுகிறது, இரண்டாவது முறை 'டிக்' என்கிறது, பிறகு ஒன்றுமில்லை. பின்னால் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றியாகிவிட்டது. செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு.

"மலைக் குளிரில் பேட்டரி படுத்துவிட்டது" என்பதுதான் வழக்கமான விளக்கம். முதலாளிக்கும் அதையேதான் சொல்வார்கள். ஜம்பர் வயர் போட்டு லோரியைக் கிளப்பி, கீழே இறங்கியதும் புதுப் பேட்டரி மாட்டுவார்கள். சில மாதங்கள் கழித்து அதே லோரி, அதே மலை, அதே சத்தம்.

குளிர்மீது பழி போடுவது சுலபம். ஆனால் பேட்டரியைப் பாழாக்கியது கேமரன் மலையின் ஓர் இரவு அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல மாத வெயில். அதை அறியாமல் பழுது பார்ப்பதால் பணம் விரயமாகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் ஓட்டுநரின் பையிலிருந்து போகிறது. சில வேளைகளில் சாலையில் ஓர் உயிரும் போகிறது.

வெயில் செய்யும் வேலை

மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் பதிவானது. மிக அதிகமானது 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. அன்றாடக் கணக்கில் பார்த்தால், கிள்ளானில் பகல் 33 பாகையைத் தொடும். கேமரன் மலையின் அதிகாலை 15, 16 பாகை வரை இறங்கும். கனடாவிலோ ரஷ்யாவிலோ பனிக்காலத்தில் உறைநிலைக்குக் கீழே பல பாகை போவதோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல.

லோரியில் இருப்பது ஈய அமில பேட்டரி. 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே அடிப்படைதான் இன்றும். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்து நடத்தும் வேதிவினையில் மின்சாரம் பிறக்கிறது. வேதிவினை என்பதால் குளிர் அதை மந்தமாக்கும். நல்ல பேட்டரியும்கூட உறைநிலையான 0 பாகையில் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். மைனஸ் 18 பாகையில் பாதிக்கும் கீழே போய்விடும். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் 'சிசிஏ' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அந்த மைனஸ் 18 பாகையில் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதற்கான அளவு அது.

கேமரன் மலையின் 15 பாகையில் அப்படிப்பட்ட இழப்பு நேராது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி அதை உணரவே உணராது. அப்படியானால் லோரி ஏன் நிற்கிறது?

வெப்பம் அந்த வேதிவினையை வேகப்படுத்தும். ஸ்டார்ட் செய்ய அது உதவி. பேட்டரியின் ஆயுளுக்கோ அது பகை. வெப்பநிலை 10 பாகை கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையில் நீண்ட நாள் புழங்கும் கணக்கு. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கிறது. முழுதாக சார்ஜ் ஏறாமல் கிடக்கும் பேட்டரியில் தகடுகளின்மேல் வெள்ளைப் படிகம் படிந்து இறுகிவிடுகிறது. குளிர் நாடுகளில் நான்கைந்து ஆண்டு ஓடும் பேட்டரி இங்கே இரண்டு ஆண்டைத் தாண்டினாலே நன்றாக உழைத்தது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்படி உள்ளுக்குள் பாதி செத்த பேட்டரி கிள்ளான் வெயிலில் ஒப்பேற்றிவிடும். எஞ்சின் எண்ணெய் இளகி இருக்கும்; ஸ்டார்ட்டர் லேசாகச் சுற்றும். மலையேறியதும் நிலைமை மாறுகிறது. எண்ணெய் கெட்டிப்படுகிறது, எஞ்சினைச் சுற்ற அதிக வலு வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கேட்கும் வலு கூடுகிறது, கொடுக்கும் வலு குறைகிறது. இடைவெளி சிறியதுதான். ஆனால் பாதி செத்த பேட்டரிக்கு அந்தச் சிறிய இடைவெளியே போதும்.

துறைமுக வரிசையில் கரையும் மின்சாரம்

வெயிலோடு இன்னொன்றும் சேர்கிறது: லோரி ஓடும் முறை. கிள்ளான் துறைமுகம் 2024இல் 14 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது, இருபது அடிப் பெட்டியை ஒன்றாகக் கொண்ட கணக்கில். தரைவழியே துறைமுகத்துக்கு வந்து போகும் பெட்டிகளில் பெரும்பகுதியைச் சுமப்பவை லோரிகள்தாம். வாயிலில் வரிசை, கிடங்கில் வரிசை, ஷா ஆலாம் தொழிற்சாலையில் மீண்டும் வரிசை.

வரிசையில் நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டால் டீசல் எரிகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. சரக்கு வாகனங்களில் குறிப்பிட்ட வகைகளுக்கு உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் பழைய விலையே கிடைத்தாலும், அதில் சேராத சிறு உரிமையாளர்களுக்கு ஒவ்வொரு லிட்டரும் கணக்குதான். எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை 'ஆன்' நிலையில் வைத்து மின்விசிறி, வானொலி, கைப்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் ஓடவிட்டால், டீசல் மிச்சம், பேட்டரி காலி. அரை மணிநேர வரிசை, பத்து நிமிட ஓட்டம், மறுபடி வரிசை என்றால், இழந்த சார்ஜ் திரும்ப ஏற நேரமே இருப்பதில்லை.

இப்போது லோரிகளில் ஜிபிஎஸ் கருவி, முன்னும் பின்னும் கேமரா எனப் பல கருவிகள் ஏறிவிட்டன. சில கருவிகள் எஞ்சின் அணைந்த பிறகும் துளித்துளியாக மின்சாரம் எடுக்கும். நடுத்தர, கனரக லோரிகள் 24 வோல்ட் வண்டிகள். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். வானொலியும் கேமராவும் 12 வோல்ட்டில் ஓடுபவை. முறைப்படி 24ஐ 12ஆக மாற்றும் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவது உண்டு. அந்த ஒரு பேட்டரி நாளுக்கு நாள் காலியாகும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிச் சூடேறித் தண்ணீர் வற்றும். ஒரே வயரால் இரண்டும் கெடும். பிறகு எத்தனை முறை புதுப் பேட்டரி மாட்டினாலும் கதை மாறாது.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"பேட்டரி போய்விட்டது" என்று முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு அரை மணிநேரமும் ஒரு சாதாரண மீட்டரும் போதும். அந்த மீட்டரின் விலை ஒரு பேட்டரி விலையில் சிறு பங்குதான்.

முதலில் காது கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. டீசல் வடிகட்டி, எரிபொருள் குழாயில் புகுந்த காற்று, எஞ்சினைச் சூடேற்றும் பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மெதுவாக முனகினாலோ, வெறும் 'டிக்' சத்தம் வந்து விளக்கு மங்கினாலோதான் பேட்டரிப் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால் மின்சாரம் அங்கேயே தடைப்படும். வயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துலக்கி, இறுக்கி மாட்டினாலே பல லோரிகள் கிளம்பிவிடும். பேட்டரியிலிருந்து சேஸிக்குப் போகும் கறுப்பு வயரையும் பார்க்க வேண்டும். கடல் காற்றும் மழைத் தண்ணீரும் படும் இடத்தில் அது துருப்பிடித்திருக்கும்; யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஓய்வில் இருக்கும்போது அளவெடுப்பது. லோரி இரவு முழுவதும் நின்ற பிறகு, இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. இரண்டையும் சேர்த்து 24 வோல்ட் வருகிறதே என்று திருப்தி அடைவதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்று 12.6, மற்றது 11.6 என்றாலும் கூட்டினால் 24.2 வரும். ஒன்று நல்லது, மற்றது செத்தது என்பதை அந்தக் கூட்டுத்தொகை மறைத்துவிடும்.

நான்காவது, ஸ்டார்ட் செய்யும் நொடியில் அளப்பது. சாவியைத் திருப்பும்போது ஒரு பேட்டரியின் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது நம்பத்தகாதது. ஆனால் இந்தச் சோதனையை முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகே செய்ய வேண்டும். காலியான பேட்டரியும் கெட்ட பேட்டரியும் ஒன்றல்ல. பசியால் சோர்ந்தவரையும் நோயாளியையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது.

ஐந்தாவது, எஞ்சின் ஓடும்போது அளப்பது. இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 27.5 முதல் 28.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட்டில் கோளாறு. 29ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் புதுப் பேட்டரி சில மாதங்களில் பழைய பேட்டரி ஆகிவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்ற வேண்டும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றிய தேதியை பேட்டரியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பது நல்லது. தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

ஜம்பர் வயர் போடும்போது இரண்டு எச்சரிக்கைகள். 24 வோல்ட் லோரிக்கு 12 வோல்ட் கார் உதவாது. முயன்றால் காரின் மின்கருவிகள் கருகும். கடைசியாக மாட்டும் கறுப்பு முனையை பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் சேஸி இரும்பில் மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் அருகில் ஒரு பொறி பட்டால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். அந்த நேரத்தில் வாயில் சிகரெட் இருப்பது மடத்தனம்.

நகரவாசிகளுக்கும் இது பொருந்தும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்து எல்ஆர்டியில் வேலைக்குப் போய், காரை வாரம் முழுவதும் நிறுத்தி வைப்பவர்களின் பேட்டரியும் இப்படித்தான் சாகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் பத்து நிமிட ஓட்டத்தில் அது நிரம்புவதில்லை.

செலவு யார் தலையில்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபோது வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு ஸ்டீயரிங்தான் வாழ்வாதாரம் ஆனது. கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் வட்டாரங்களில் லோரி ஓட்டும் தமிழர் இல்லாத வீட்டு வரிசையைக் காண்பது அரிது. அவர்களில் கணிசமானோருக்கு மாதச் சம்பளத்தைவிட நடைக்கூலியே பிரதான வருமானம். லோரி நின்றால் நடை இல்லை. நடை இல்லை என்றால் கூலி இல்லை. பெரிய லோரிக்கு ஒரு ஜோடி பேட்டரி மாற்றப் பல நூறு வெள்ளி ஆகும். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்தத் தொகையின் கனம் புரியும்.

சில இடங்களில் "நீ கவனிக்கவில்லை, அதனால்தான் பேட்டரி போனது" என்று சொல்லி அந்தச் செலவைச் சம்பளத்தில் கழிக்கிறார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்தில் எவற்றைக் கழிக்கலாம் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. முதலாளியின் லோரிக்கு வாங்கிய பேட்டரி அந்தப் பட்டியலில் இல்லை. "நீ ஊழியர் இல்லை, குத்தகைக்காரர்" என்ற பதிலும் வரலாம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் முறையையும் ஒருவர் கட்டுப்படுத்துகிறார், கருவியையும் அவரே தருகிறார் என்பன போன்ற அடையாளங்கள் இருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை அங்கே முதலாளி–தொழிலாளி உறவு இருப்பதாகவே கருதப்படும். சம்பளச் சீட்டையும் வாட்ஸ்அப் உத்தரவுகளையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் தொழிலாளர் இலாகாவில் வாய் திறக்க முடியும்.

இருட்டில் நிற்கும் லோரி

பணத்தைவிடப் பெரியது உயிர். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தனர். அடுத்த மாதம் 9ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். அதன்பிறகு கனரக வாகனங்களின் பராமரிப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. பேச்சு பிரேக், டயர், வேகம், அதிகச் சுமை ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. அவை முதலில் வர வேண்டியவைதாம். பேட்டரியை யாரும் பாதுகாப்பு விஷயமாகப் பார்ப்பதில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு நின்றுபோன லோரியை எண்ணிப் பார்த்தால் அது பாதுகாப்பு விஷயம்தான் என்பது தெரியும். எஞ்சின் நின்ற பிறகு அவசர விளக்குகள் பேட்டரியை மட்டுமே நம்பி மின்னுகின்றன. பேட்டரியும் செத்துவிட்டால் லோரி இருட்டில் நிற்கும் ஓர் இரும்புச் சுவர். மலேசியச் சாலைகளில் மடிவோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். இரவு வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் வீடு திரும்பும் நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நின்ற லோரியின் பின்னால் நிறுத்தும் முக்கோணப் பலகையும், கையில் பிடிக்கும் டார்ச் விளக்கும் பேட்டரியை நம்பாதவை. அவை லோரியில் எப்போதும் இருக்க வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1800-88-0000 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துவிட்டு, சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும்.

பழைய பேட்டரிக்கும் ஒரு முடிவு

கழற்றிய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் கொஞ்சம் காசு கிடைக்கும். ஆனால் ஈய அமில பேட்டரிக் கழிவு, 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் 'எஸ்டபிள்யூ 102' என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது பாதுகாப்பான வழி. வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயத்தைப் பிரிப்பது கூடவே கூடாது. செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே ஒரு குடியிருப்பில் பழைய பேட்டரிகளை இப்படிப் பிரித்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. ஈயத் தூசு மண்ணில் கலந்து, விளையாடிய பிள்ளைகளின் உடலில் ஏறியது.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன. அந்த இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே லோரியைத் தினமும் தொடுபவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவருக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்து, மாதம் ஒருமுறை இரண்டு பேட்டரிகளின் அளவையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அதற்குச் செலவாகும் நேரத்துக்கும் கூலி கொடுத்தால், முதலாளிக்குத்தான் முதல் இலாபம். 12.6 என்று எழுதிய இடத்தில் 12.4, பிறகு 12.2 என்று இறங்கும்போதே, கிள்ளானில் பகல் வெளிச்சத்தில், பட்டறைக்கு அருகில் நின்றே அதைச் சரிசெய்துவிடலாம். மலையேறி, விடியற்காலை ஐந்து மணிக்கு, அழுகும் காய்கறியோடு நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.